சுருக்கக் குறியும் வேற்றுமை உருபும்

அடிக்கடி எழுத வேண்டிய சொல்லை ஒவ்வொரு முறையும் முழுமையாக எழுதுவதற்குத் தமிழ் எழுத்தர் என்றுமே விரும்பியதில்லை. உறுதி முடித்தவர்களும் கணக்கு வைத்தவர்களும் வருடத்துக்கு ௵ என்றும் மாதத்துக்கு ௴ என்றும் நாளுக்கு ௳ என்றும் குறியிட்டனர். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படி என்பதற்கு ௸. இவற்றுள் இறுதியாகச் சொன்ன குறியே நுணுகி நோக்கத்தக்கது. பழைய ஆவணங்களில் அது தனித்து நிற்பதோடமையாது ‘௸யார்’ என ஈறு பெற்றும் வரும். குறியை மேற்படி என வாசித்து, ஈற்றை அதனோடு ஒட்டி, மேற்படியார் என்று விரித்துக்கொள்வது வாசிப்பவரின் பொறுப்பு. எழுதியவருக்கு அதுபற்றி எவ்வித ஐயமும் இருக்கவில்லை. வாசிப்பவருக்கும் தமிழ் தெரியும் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்த சுருக்கம் அது. 2003இல் வெளிவந்த யுனிக்கோட் நான்காம் பதிப்பு இக்குறிகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கியது. குறிகள் கணனிக்குள் வந்துவிட்டன. அவற்றை விரித்தறியும் வாசகர் உடன் வந்தாரா என்பதுதான் இங்கு ஆராயற்பாலது.

மேனாட்டிலும் இதே கதைதான். அமெரிக்கச் செய்தித்துறையைச் சேர்ந்த வோல்ற்றர் பிலிப்ஸ் என்பார் 1879இல் தந்திச் செய்திகளுக்கெனச் சுருக்கத் தொகுதியொன்றை வெளியிட்டார். ஒருபுறத்தில் இருப்பவர் சுருக்கி அனுப்ப, மறுபுறத்தில் இருப்பவர் காதாற் கேட்டபடியே விரித்துத் தட்டச்சுப் பொறியில் முழு வாக்கியமாக அடிப்பார். அமெரிக்க ஜனாதிபதியை ‘பொட்டஸ்’ என்றும் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தை ‘ஸ்கொட்டஸ்’ என்றும் இன்றும் செய்தியாளர் சுட்டுவது அத்தந்தி வழக்கின் எச்சமே. அங்கும் விரித்தவர் மனிதர். சுருக்கம் பிழையாக வந்துவிட்டால், வாக்கியத்தின் போக்கை நோக்கி அவர் சரிசெய்துகொள்வார்.

விரிக்கும் வேலை இயந்திரத்தின் கைக்கு மாறியது பின்னைய செய்தி. 1976இல் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே தோன்றிய ஈமாக்ஸ் என்னும் எழுத்துத் திருத்தி சுருக்கங்களை விரிக்கும் வசதியைப் பெற்றது. 1993இல் மைக்ரோசொப்ட் வேர்ட் ஆறாம் பதிப்பு, தட்டும்போதே பிழையைத் தானாக மாற்றும் வழக்கத்தை அலுவலகங்கள்தோறும் கொண்டு சேர்த்தது. 2003இல் வெளிவந்த ஓட்டோஹொட்கீ என்னும் இலவச நிரல்மொழி, தனக்கு வேண்டிய சுருக்கங்களைப் பயனரே எழுதி வைத்துக்கொள்ள வழி செய்தது. பெயர்கள் வேறாயினும் உள்ளே நடப்பது ஏறத்தாழ ஒன்றே. கடைசியாகத் தட்டிய சில எழுத்துகளைப் பொறி நினைவில் வைத்திருக்கும். இடைவெளியோ முற்றுப்புள்ளியோ வந்ததும், அவ்வெழுத்துகளைத் தன் பட்டியலோடு ஒப்பிடும். ஒத்துவந்தால், தட்டியதை அழித்து விரிவை அவ்விடத்தில் இடும். ஒப்பிடுதல், அழித்தல், இடுதல் என்னும் இம்மூன்றுக்கும் அப்பால் அதற்கு ஒன்றும் தெரியாது. வாசித்தல் என்ற செயல் இங்கு நிகழவேயில்லை.

வாசியாது மாற்றுவதால் விளையும் அனர்த்தங்கள் நகைப்புக்கு இடமானவை. ஆயினும் நகைத்துவிட்டு விடக்கூடியவை அல்ல. மின்னஞ்சல்களுக்குள் தீய நிரல்கள் ஒளிந்து வருவதைத் தடுப்பதற்காக யாகூ நிறுவனம் சில ஆங்கிலச் சொற்களைத் தானாகவே வேறு சொற்களாக மாற்றி வந்தமை 2002இல் வெளிச்சத்துக்கு வந்தது. ‘ஈவல்’ என்ற எழுத்துத் தொடர் எங்கு வரினும் அது ‘ரிவியூ’ ஆயிற்று. இடைக்காலம் என்னும் பொருள்படும் ‘மெடீவல்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வயிற்றிலும் அத்தொடர் உண்டு. விளைவாக ‘மெடிரிவியூ’ என்றொரு சொல் பிறந்து, இடைக்கால வரலாறு பற்றிய இணையப் பக்கங்களிலே உலவத் தொடங்கியது. மொக்கா என எழுதியவரின் மடல் எஸ்பிரெஸ்ஸோ எனப் போய்ச் சேர்ந்ததும் அக்காலத்துத்தான்.

உயிரியலாளருக்கு நேர்ந்தது இதனினும் பெரிது. மரபணுக்கள் சிலவற்றின் குறியீடுகள் ஆங்கில மாதப் பெயர்களை ஒத்திருந்தன. எக்செல் அவற்றைத் திகதிகளாக மாற்றிவிடுவதாக 2004இலேயே ஆய்வுக் கட்டுரையொன்று எச்சரித்தது. எக்செல் கோப்புகளில் மரபணுப் பட்டியலை இணைத்த கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இப்பிழையை உடையன என்று 2016இல் இன்னோர் ஆய்வு காட்டிற்று. 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அக்குறியீடுகளை மாற்றியது. ‘மார்ச்’ என்றிருந்ததன் ஈற்றில் ஓர் எழுத்துக் கூட்டப்பட்டது. கருவியைத் திருத்துவதிலும் பார்க்க மரபணுவின் பெயரைத் திருத்துவது எளிதாயிற்று என்பதை அறிஞர் உலகம் அதிகம் முறுமுறுக்காது ஏற்றுக்கொண்டது வியப்புக்குரியது.

இவ்வாறு கருவிக்காக மொழி வளைதல் தமிழிலே எந்த இடத்தில் நிகழ்கின்றது? அதனை அறிய, ஏதேனும் ஒரு துறை அலுவலகத்தில் நாள் முழுதும் கடிதம் தட்டுபவரை எண்ணிக்கொள்ளலாம். பல்கலைக்கழகம் என்ற சொல்லை அவர் நாளொன்றுக்குப் பன்முறை தட்டுகிறார். ‘பக’ என்று தட்டினால் அச்சொல் முழுமையாக வரவேண்டுமென ஒரு சுருக்கம் அமைத்துக்கொள்கிறார். முதல் வாக்கியத்திலேயே இடர் வந்துவிடுகிறது. அவருக்கு வேண்டியது பல்கலைக்கழகம் அன்று. பல்கலைக்கழகத்தில், பல்கலைக்கழகத்தின், பல்கலைக்கழகத்தினால். ஆங்கிலப் பெயர்ச்சொல் வேற்றுமைக்காகத் தன் வடிவை மாற்றுவது அரிது. முன்னால் ஓர் இடைச்சொல் வந்து நின்றாற் போதும். ஆகவே ஆங்கிலேயருக்கு ஒரு சுருக்கத்துக்கு ஒரு விரிவு போதுமானது. தமிழ்ப் பெயரோ உருபு ஏற்கும்போது ஈறு கெடும். அத்துச் சாரியை இடையே தோன்றும். சில இடங்களில் ஒற்று இரட்டும். விரிந்த சொல்லின் பின்னே சென்று மகர மெய்யை அழித்து ‘த்தில்’ எனத் தட்டுவதற்குச் செலவாகும் நேரம், சுருக்கத்தால் மிஞ்சிய நேரத்தைத் தின்றுவிடுகிறது.

இத்தொல்லையிலிருந்து தப்ப அலுவலகத் தமிழ் நெடுநாளைக்கு முன்பே ஒரு குறுக்குவழி கண்டிருக்கிறது. அச்சிட்ட படிவங்களிலே வெற்றிடத்தை அடுத்து ‘என்பவருக்கு’, ‘அவர்களின்’, ‘என்னும் இடத்தில்’ என்றெல்லாம் அச்சிடப்பட்டிருப்பதன் காரணம் அதுவே. பெயர் உருபு ஏலாது வெறுமனே நிற்க, உருபின் சுமையை ‘என்பவர்’ தாங்கிக்கொள்கிறது. படிவத்துக்கு அது பொருந்தும். ஆனால் படிவத்தின் வாக்கியம் கடிதத்துக்குள்ளும் கடிதத்தின் வாக்கியம் கட்டுரைக்குள்ளும் புகுந்தமையை எவரும் காணலாம். யாழ்ப்பாணத்தில் என்று நாலுபேர் பேசுவது, தாளில் ‘யாழ்ப்பாணம் என்னும் இடத்தில்’ ஆகிறது. இப்போது ‘பல்கலைக்கழகம்-இல்’ என்ற எழுத்துமுறையும் தலைகாட்டத் தொடங்கியுள்ளது. சிறுகோடொன்றினால் இணைத்துவிட்டால் புணர்ச்சி முடிந்தது என்ற எண்ணம் போலும். மரபணுவின் பெயரை மாற்றியோருக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

மாற்று வழி உண்டு. சுருக்கப் பட்டியலைக் கையால் எழுதாது, பட்டியலை எழுதும் வேலையையே ஒரு சிறு நிரலிடம் விடுவதுதான் அது. நிரலுக்குக் கொடுக்க வேண்டியவை மூன்று: பெயர்ச்சொற்களும் அவற்றின் சுருக்கங்களும், உருபுகளின் வரிசை, சில புணர்ச்சி விதிகள். வேற்றுமைக்குத் தமிழ் இலக்கணமே எண்ணிட்டு வைத்திருப்பதால், சுருக்கத்தின் பின் அவ்வெண்ணை இட்டால் நினைவில் வைப்பது மிக எளிது. பக2 பல்கலைக்கழகத்தை, பக7 பல்கலைக்கழகத்தில். மூன்றாம் வேற்றுமைக்கு ஆல், ஓடு என இரண்டு வேண்டியிருத்தலின் 3, 33 எனவும், ஆறாம் வேற்றுமைக்கு இன், உடைய என்பவற்றின் பொருட்டு 6, 66 எனவும் கொள்ளலாம். ஐந்தாவதற்கு ‘இலிருந்து’. பன்மை வேண்டின் எண்ணின் முன் ஒரு சுழியம்: பக07 பல்கலைக்கழகங்களில். எண் ஈற்றில் நிற்பதால் எந்த உண்மையான சொல்லோடும் சுருக்கம் மோதாது என்பது தனி இலாபம். எழுவாய் வடிவத்தோடு சேர்த்து ஒருமையில் ஒன்பது, பன்மையில் ஒன்பது. நாற்பது பெயர்ச்சொற்களுக்கு 720 வரிகள். கையால் எழுதுபவர் நூறாவது வரியிலேயே பிழைவிடத் தொடங்குவார். நிரலுக்கு அது ஒரு கணத்து வேலை. புதிய சொல்லொன்று சேர்ந்தால் ஒரு வரியை மட்டும் கூட்டி நிரலை மறுபடி ஓட்டினாற் போதும்.

விதிகளை எங்கே தேடுவது? தேர்வுக்காக மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோன புணரியலில்தான். மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை பெறும். வீடு, ஆறு போன்ற குற்றியலுகரச் சொற்களில் டகர றகரங்கள் இரட்டும். ஆயின் வண்டு, கன்று என்பவற்றில் மெல்லின மெய் முன்நிற்பதால் இரட்டா. சொல், கண் என்பவற்றில் தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வரும்போது இரட்டித்துச் சொல்லை, கண்ணை என்றாகும். கல்வி என்பதில் யகரமும் விழா என்பதில் வகரமும் உடம்படுமெய்யாக வரும். பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டிலே வகுத்துவைத்த முறை நிரலுக்கு ஏற்ற முறையே: நிலைமொழியின் ஈற்றை நோக்கு, வருமொழியின் முதலை நோக்கு, இன்னது இன்னதாகும் என்று சொல். இலக்கணத்தை உயிரற்ற சூத்திரக் குவியல் என்று சலித்துக்கொள்ளும் மாணவர் இப்பட்டியலை ஒருமுறை இயற்றிப் பார்த்தல் நன்று.

ஆயினும் எழுத்து என்று தமிழர் எண்ணுவதும் எழுத்து என்று கணனி எண்ணுவதும் ஒன்றல்ல. பல்கலைக்கழகம் என்பதில் 9 எழுத்துகள் உள்ளன. யுனிக்கோட் முறையிலே அது 13 குறியெண்களாகச் சேமிக்கப்படுகிறது. மகரமும் புள்ளியும் வேறு வேறு. ‘கடைசி எழுத்தை நீக்கு’ என்று கட்டளையிட்டால், புள்ளி மட்டும் உதிர்ந்து ‘பல்கலைக்கழகமத்தில்’ என்ற விநோதம் பிறக்கும். ஆசிரியர் என்பதோடு ஐகாரத்தை ஒட்டச் சொன்னால், ஆசிரியரை என்பது வராது. ரகரத்தின் புள்ளியை நீக்கி ஐகாரக் குறியை இடுமாறு தனியே சொல்ல வேண்டும்.

இதனினும் நுண்ணிய பொறியொன்று உண்டு. எழுதி முடிந்த பிரதியில் ஒரு சொல்லை வேறொன்றாக மாற்றுவதற்கு, 1970களின் முற்பகுதியில் யுனிக்ஸ் முறைமைக்கென எழுந்த ‘செட்’ முதலாகப் பல கருவிகள் உள. இன்று பலரும் கையாளுவது பைதன் மொழி. அதன் வழமையான தேடற்கருவியிடம் ‘முழுச்சொல்லாக வருவதை மட்டும் மாற்று’ எனக் கேட்கலாம். ஆனால் அக்கருவி உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லின் உறுப்பாகக் கருதுவதில்லை. ‘பல’ என்பதை ‘பல்வேறு’ என மாற்றச் சொன்னால், பலா என்னும் மரத்தின் பெயரிலே லகரத்தோடு சொல் முடிந்துவிட்டதாக அது எண்ணும்; ‘பல்வேறு’ என எழுதிவிட்டு, அநாதையாய் ஒரு காலை அருகே நிறுத்திவிடும். பல்கலைக்கழகத்தின் முதலிரு எழுத்துகளுக்கும் அதே கதி. பலர் தப்பிப்பர், பலா தப்பாது. சொல்லின் எல்லை எதுவெனக் கருவியின் முடிவுக்கு விடாது, முன்னும் பின்னும் தமிழ் எழுத்தோ குறியோ வராத இடமே எல்லை என்று நிரலில் வெளிப்படையாக எழுதினால் இவ்வின்னல் தீரும்.

எந்த விதியாலும் தீராதவையும் இருக்கின்றன. ஆறு என்ற சொல்லுக்கு ஏழாம் வேற்றுமை யாது? நீரோடுவதாயின் ஆற்றில், எண்ணாயின் ஆறில். ஈறு ஒன்றே, ஓசை ஒன்றே. பட்டியல் எழுதுபவர் தம் கையால் ஒரு குறிப்பை இட்டாலன்றி நிரல் ஆற்றில் ஒரு பங்கு என்று எழுதிக்கொண்டே போகும். வல்லொற்று மிகுதலும் அவ்வாறே: பக4 என்று தட்டும்போது அடுத்து வருவது ‘சென்றார்’ என்பதா ‘வந்தார்’ என்பதா என்பதை எழுதுபவர் மட்டுமே அறிவார். அச்சகரத்தை அவரே தட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நான்காம் வேற்றுமையில் இன்னொன்றும் கவனிக்கப்பட வேண்டும். பல்கலைக்கழகத்திற்கு, பல்கலைக்கழகத்துக்கு என்னும் இரண்டுமே வழக்கிலுள்ளவை. எழுதுபவர் ஓசை கருதி ஓரிடத்தில் ஒன்றையும் வேறிடத்தில் மற்றையதையும் எழுதுவார். பட்டியலுக்கு அந்தத் தயக்கம் இல்லை. ஒரு துறையினர் அனைவரும் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொண்டால், அதனை எழுதியவரின் ஒருநாட் காலைத் தெரிவு துறை முழுவதன் எழுத்து வழக்காகிவிடும். அது வெளியிலிருந்து வாங்கிய பட்டியலாயின் திகதி தேதியாகும், ஒக்ஸ்போர்ட் ஆக்ஸ்போர்டு ஆகும். மாறியதை ஒருவரும் கவனிக்கமாட்டார். நாலாவதற்கு 4 எனவும் 44 எனவும் இரண்டு வரிகள் வைப்பதற்கு நிரலில் ஒரு வரிதான் கூடும்.