வெள்ளை மெத்தை

மதுரை விளக்குத்தூணை ஒட்டிய அந்த ஜவுளிக்கடையில் நாற்காலியே கிடையாது. படியேறினால் சுவருக்குச் சுவர் மெத்தை, மேலே வெள்ளை விரிப்பு. துணி எடுக்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் உட்காருவார்கள். எடுத்துக் காட்டும் நாங்களும் எதிரே சம்மணம் போட்டிருப்போம். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் முதலாளிக்கும் அதே மெத்தைதான்.

1979, வைகாசி. பத்தாவது முடித்த என்னை அம்மா அங்கே கூட்டிப்போனார். முதலாளி மார்க் ஷீட்டைக் கேட்கவில்லை. அம்மாவை உட்காரச் சொல்லி காப்பி வரவழைத்தார். என்னை ஒரு மூத்த விற்பனைக்காரர் பக்கத்தில் உட்கார வைத்தார். கல்யாணத்துக்கு எடுக்க வந்த ஒரு குடும்பம் முப்பது சேலைக்கு மேல் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் எடுக்காமல் எழுந்து போனது. குவிந்து கிடந்ததை மடிக்க உட்கார்ந்தேன். மடிப்பெல்லாம் கோணல்.

"மடிப்பு ஒரு வாரத்துல வந்துரும்மா," என்றார் முதலாளி. "சும்மா எந்திரிச்சுப் போறவங்களப் பாத்து தம்பி மொகஞ் சுளிக்கல. அது போதும். நாளைக்கு வரட்டும்."

மறுநாள் மதியம் பின்கட்டில் தூக்குச்சட்டியைத் திறந்தபோது, அந்த மூத்தவர் தன் தூக்கோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். புதுப் பையன் முதல் மாதம் தனியாகச் சாப்பிடக்கூடாது என்பது கடையின் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. வாடிக்கையாளர் முன்னால் யாரையும் முதலாளி அதட்டியதில்லை. நான் ஒருமுறை ரவிக்கைத் துணியைக் கால் மீட்டர் குறைத்துக் கிழித்துவிட்டேன். கடை அடைத்து, கல்லாவை எண்ணி முடிக்கிறவரை அவர் வாய் திறக்கவில்லை. பிறகும் கோலை எங்கே பிடிக்க வேண்டும் என்று மட்டும் காட்டினார்.

புதிதாக வருகிறவர்களுக்கு அவர் ஒரு கதை சொல்வார். வெள்ளைக்காரர் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்தவர் கலெக்டர் பிளாக்பர்ன். விளக்குத்தூண் அவர் நினைவாக வைத்தது. அந்த வேலையில் இருந்த மேஸ்திரி பெருமாளின் பெயர் ஒரு வீதிக்கே நின்றுவிட்டது. "கலெக்டர் பேரு யாருக்குப்பா தெரியும்? பெருமாள் மேஸ்திரி வீதின்னு ஊரே தெனம் சொல்லுதுல்ல," என்பார்.

1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதமாவது தரச் சொன்னது. கணக்குப் பார்த்தால் ஒரு மாதச் சம்பளம். நாங்கள் ஒன்பது பேர்தான், அந்தச் சட்டம் எங்கள் கடை அளவுக்கு இறங்கி வரவில்லை. அவர் கொடுத்தார். எனக்கு அதைவிட மனசில் நிற்பது, தீபாவளிக் கூட்டம் தொடங்குமுன் வரும் ஒரு சாயங்காலம். அன்று எங்கள் வீட்டுக்காரர்கள் வாடிக்கையாளர் பக்கம் உட்காருவார்கள். முதலாளியே அலமாரியிலிருந்து இறக்கிப் பிரித்துக் காட்டுவார். அம்மா விலை குறைந்த சேலையாகப் பார்த்துக் கைவைத்தபோது, "வெலச்சீட்டப் பாக்காதீங்கம்மா, சேலயப் பாருங்க," என்று சுங்குடிச் சேலைகளாக விரித்துப் போட்டார். அம்மா சேலையைப் பார்க்கவில்லை. கடைக்குள் உட்கார்ந்திருக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

1988இல் முதலாளி காலமானார், கடை கைமாறியது. நான் ஒரு பெரிய கடைக்குப் போனேன். அங்கே கண்ணாடிக் கவுண்டர். காலை ஒன்பதரையிலிருந்து இரவு பத்து வரை நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால் சம்பளத்தில் பிடித்தம். கெண்டைக்கால் நரம்புகள் புடைத்துச் சுருண்டன. ஜவுளிக்கடை ஊழியர்களின் கதையைச் சொல்லும் 'அங்காடித் தெரு' படம் 2010இல் வந்தபோது என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை, பாதியில் எழுந்து வந்துவிட்டேன். 2021இல் சட்டமன்றம் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்றது. மெத்தையை எடுத்துவிட்டுக் கவுண்டர் போட்ட நாளில் இழந்ததைச் சட்டம் போட்டுத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

போன ஐப்பசியில் விளக்குத்தூண் பக்கம் போனேன். பழைய கடை இருந்த இடத்திலும் இப்போது கவுண்டர்தான். பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் இருந்த பெண் என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தாள்.

"உக்காரும்மா. உக்காந்துக்கிட்டே காட்டு," என்றேன்.

கல்லாப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்தாள்.