பையைப் பார்த்துக்கொள்

ஞாயிற்றுக்கிழமை வண்டலூர் போகலாம் என்று என் கணவர் சொன்னது வியாழக்கிழமை இரவு. குழந்தைகள் இருவரும் கட்டில்மேல் ஏறிக் குதித்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த நிமிடமே என் மண்டைக்குள் ஒரு பட்டியல் ஓட ஆரம்பித்துவிட்டது. நான்கு வயது மகனுக்கு மாற்றுடை இரண்டு. எட்டு வயது மகளுக்குத் தொப்பி. கூட வரும் என் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை, அதற்கு முன்னால் சாப்பிட ஏதாவது. துடைக்கத் துணி, தண்ணீர், கைக்குட்டை, காய்ச்சல் மருந்து.

பூங்காவுக்குள் பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது. நல்ல விதி. விலங்குகளின் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் போகக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பிளாஸ்டிக் கவருக்குப் பதில் எவர்சில்வர் டப்பா வரும்போது, அதைத் தேடி எடுக்கவும், கட்டவும், தூக்கவும், திரும்பி வந்து கழுவவும் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஞாயிறு காலை நாலரை மணிக்கு எழுந்து புளி கரைத்தேன். ஏழு மணிக்கு எழுந்து வந்த கணவர், "எல்லாம் ரெடியா?" என்று கேட்டார்.

அவர் மோசமான மனிதர் அல்ல. வண்டி ஓட்டினார், வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார், சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். எதிரே வந்த ஒரு பெண் அவரைப் பார்த்துவிட்டுத் தன் கணவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பிள்ளையைத் தூக்கும் அப்பாவை ஊர் பார்க்கும். பையைத் தூக்கும் அம்மாவை யார் பார்ப்பார்கள்?

வண்டலூர் பூங்கா 602 ஹெக்டேர். நடந்துகொண்டே இருக்கலாம். நான் நடந்ததில் பெரும்பகுதி கழிப்பறைக்கும் கூண்டுக்கும் நடுவில்தான். மகனுக்கு ஒரு முறை, மகளுக்கு ஒரு முறை, அம்மாவுக்கு இரண்டு முறை. ஆண்கள் பக்கம் வரிசை இல்லை, பெண்கள் பக்கம் வெளியே வரைக்கும் வரிசை. கைக்குழந்தையோடு நின்ற பெண்ணுக்கு நாங்கள் நான்கைந்து பேர் வழிவிட்டோம். திரும்பி வந்தபோது மகன் துள்ளிக்கொண்டு சொன்னான்: "அம்மா, நீர்யானை வாயைத் திறந்துச்சு! இவ்ளோ பெருசு!" நான் எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே இரண்டு காதுகள் மட்டும் தெரிந்தன. "நீ வர்றதுக்குள்ள மூடிடுச்சு" என்றார் கணவர்.

சிங்கவால் குரங்கு இருக்கும் இடத்தில் சின்னவன் அழ ஆரம்பித்தான். பசியும் வெயிலும்தான் காரணம். அவனைத் தரையில் உட்கார வைத்துவிட்டுப் பையில் தயிர்சாத டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், குட்டியை வயிற்றோடு அணைத்திருந்த தாய்க்குரங்கைக் காட்டி, எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "பாருங்க, குரங்குகூட தன் குட்டியைக் கீழே விடல."

அவருக்கு அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நம் ஊர்களில் திரியும் அனுமன் குரங்குகளில், குட்டி பிறந்த சில நாட்களிலேயே கூட்டத்திலுள்ள மற்றப் பெண் குரங்குகள் அதை வாங்கித் தூக்கி வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் தாய் நிம்மதியாக இரை தேடும். தாய்மைக்குப் பாடம் சொல்ல விலங்குகளைக் கூப்பிடுகிறவர்கள், தங்களுக்கு வசதியான விலங்கையே கூப்பிடுகிறார்கள்.

மக்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று இந்தியா முழுவதும் முதன்முறையாக 2019-இல் அரசு கணக்கெடுத்தது. அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் அதிகாலை 4 மணி வரை, அரைமணி அரைமணியாகப் பிரித்து, என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அப்போது அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்கு 299 நிமிடம். அதே வேலையில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். இதைப் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். என்னை யோசிக்க வைத்தது அந்தக் கணக்கின் வேறொரு வரி. பொழுதுபோக்குக்குச் செலவிட்ட நேரம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறத்தாழ சமமாக இருந்தது, இரண்டே முக்கால் மணி நேரத்தை ஒட்டி.

அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமையை என் கணக்கில் எப்படி எழுதுவது? காலை 11 முதல் 11.30 வரை, உயிரியல் பூங்காவில் இருந்தேன். பொழுதுபோக்கு. அதே அரைமணியில் ஒரு குழந்தைக்கு ஊட்டினேன், ஒரு குழந்தையைக் கண்ணால் துரத்தினேன், அம்மாவின் மாத்திரைக்கு மணி பார்த்தேன். கணவரும் நானும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே டிக்கெட் விலையில் இருந்தோம். அவர் நீர்யானையைப் பார்த்தார்.

மதியம் சாப்பிட்டு முடித்துப் புலியைப் பார்க்கப் போனோம். எங்கள் அம்மா இந்தப் பூங்காவை இன்னும் 'உயிர் காலேஜ்' என்றுதான் சொல்வார். சென்ட்ரல் பக்கம் இருந்த பழைய மிருகக்காட்சி சாலைக்கு மெட்ராஸ்காரர்கள் வைத்த பெயர் அது. எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. 1985-இல் விலங்குகள் வண்டலூருக்கு வந்துவிட்டன, பெயர் அம்மாவின் வாயிலேயே தங்கிவிட்டது. நான் இங்கே முதலில் வந்தது 1989-இல், ஏழு வயதில். அப்பா, அம்மா, அண்ணன், நான், கைக்குழந்தையாகத் தம்பி. அகழிக்கு அந்தப் பக்கம் புலி தண்ணீருக்குள் இறங்கியதை இன்றும் என்னால் சொல்ல முடியும். அந்த நினைவில் அப்பாவின் கை ஒரு பக்கம், அம்மாவின் புடவை ஒரு பக்கம்.

வெள்ளைப் புலி மரநிழலில் படுத்திருந்தது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, "இப்பதான்டி புலியைப் பாக்கறேன்" என்றார்.

"என்னம்மா, அன்னைக்கு நாம எல்லாரும் வந்தோமே?"

"நீங்க பாத்தீங்க. நான் எங்க பாத்தேன்? தம்பி தூங்கிட்டான். ரெண்டு பை வேற. உங்கப்பா, 'நீ இங்கயே மரத்தடியில உக்காந்து பையைப் பாத்துக்கோ, நாங்க போய்ட்டு வந்துடறோம்'னாரு. உக்காந்துட்டேன்."

குறை சொல்லும் குரல் அல்ல அது. ஊர்ப்பேச்சு பேசுவது போலத்தான் சொன்னார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. முப்பத்தைந்து வருடமாக என் நினைவில் என் பக்கத்தில் நின்ற அந்தப் புடவை அங்கே இருக்கவேயில்லை. அம்மா இல்லாத இடத்தில் நானே அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். உட்கார வைத்த அப்பாவுக்கு அது தவறாகப் படவில்லை. பார்த்துவிட்டு வந்து புலிக்கதை சொன்ன எங்களுக்கும் படவில்லை.

அப்போதுதான் என் மகள் கையை நீட்டினாள். "அம்மா, பையைக் குடு. நான் அந்த பெஞ்சுல உக்காந்து பாத்துக்கறேன். நீயும் பாட்டியும் புலி பாருங்க."

"பொறுப்பான பொண்ணு" என்றார் என் கணவர் பெருமையாக.

எட்டு வயது. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவள் தம்பி கம்பியில் தொங்கிக்கொண்டு புலியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பை என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது. காலையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். நான் பாட்டியைப் பார்த்து வளர்ந்தது போல.

"வேணாம்" என்றேன். நினைத்ததைவிடக் குரல் உயர்ந்துவிட்டது. "பையை அப்பா பாத்துப்பாரு. தம்பியையும் அப்பா பாத்துப்பாரு. நீ இங்க வா."

கணவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு பையை வாங்கித் தோளில் மாட்டினார். "இவ்ளோ கனமாவா இருக்கு?" என்றார். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டு வந்தார். பத்து நிமிடத்தில் துண்டு எங்கே என்று கேட்டார். "உள்ளதான் இருக்கு, தேடுங்க" என்றேன். அதற்குமேல் எதுவும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் அன்று நான் செய்த கஷ்டமான வேலை.

அம்மாவும் மகளும் நானும் அரைமணி நேரம் அங்கேயே நின்றோம். புலி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு முறை புரண்டு படுத்தது. ஒரு முறை முன்னங்காலை நக்கியது. "பூனை மாதிரியே இருக்கு" என்றார் அம்மா. மகள் அதன் வரிகளை எண்ணப் பார்த்து, மூன்று முறை கணக்கு விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

இதோடு வீடு மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். இரவு எல்லோரும் களைத்துத் தூங்கிவிட்டோம். திங்கட்கிழமை காலை சமையலறை மேடையில் பை அப்படியே இருந்தது, உள்ளே தயிர் புளித்த வாசனையோடு ஆறு டப்பாக்கள். அவருக்கு ஆபீஸ் போகிற அவசரம். எனக்கும் ஆபீஸ்தான். கழுவியது நான்.

ஆனால் ஒன்று செய்தேன். என் மண்டைக்குள் ஓடிய பட்டியலைத் தாளில் இறக்கினேன். வியாழக்கிழமை இரவிலிருந்து திங்கட்கிழமை காலை வரை நான் செய்தவை, முப்பத்தியொரு வரிகள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். அடுத்த முறை வெளியே கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு பெயர் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கணவர் நின்று படித்தார். "இவ்வளவா?" என்றார். இதுவரை நான்கு வரிகளுக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறார். மகனுக்கு இன்னும் எழுதத் தெரியாது. 'தொப்பி எடுத்து வைப்பது' என்ற வரிக்குப் பக்கத்தில் கிரேயானால் ஒரு தொப்பி வரைந்திருக்கிறான்.

மகள் எந்த வரியிலும் தன் பெயரை எழுதவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை.