ஒமாஹாவுக்கு 17 பயணங்கள்

மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படினும், பேஸ்பால் நம் மாணாக்கருக்கு அவ்வளவாக அறிமுகமில்லாத ஆட்டமாகும். அதன் நுட்பங்களை முற்றும் உணர்ந்தவன் அல்லன் நானும். ஆயினும் அமெரிக்கக் கல்லூரிகளில் அதனைப் பயிற்றுவித்தோரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், கரும்பலகையின் முன் முப்பதாண்டுகளைக் கழித்த என் நெஞ்சம் அவர்களுள் ஒருவரிடமே சென்று நிற்கிறது. அவர் மைக் மார்ட்டின்.

டல்லஹாசி நகரிலுள்ள ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1980 முதல் 2019 வரை 40 பருவங்கள் தலைமைப் பயிற்றுநராக விளங்கியவர் அவர். பெற்ற வெற்றிகள் 2,029. அவர் ஓய்வு பெற்றபோது, முதல்நிலைக் கல்லூரி பேஸ்பாலில் அத்தனை வெற்றிகளை வேறெவரும் ஈட்டியிருக்கவில்லை. எந்தப் பருவத்திலும் வெற்றி 40க்குக் குறைந்ததில்லை. தேசியப் போட்டிக்குத் தகுதி பெறாத ஆண்டும் இல்லை. நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில் எட்டு அணிகள் மோதும் இறுதிக் கட்டத்திற்கு 17 முறை தம் மாணவரை அழைத்துச் சென்றார். ஒருமுறையேனும் பட்டத்தோடு திரும்பினாரில்லை. 1986இல் அரிசோனாவிடமும் 1999இல் மயாமியிடமும் இறுதியாட்டத்தில் தோற்றார்.

தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ராட் டீடோவோ 11 பட்டங்கள் கண்டவர். (முதலாவது, சாம் பாரியோடு இணைந்து பெற்றது.) சரக்குப் போக்குவரத்துத் தொழிலில் பொருளீட்டியதால், பயிற்றுநர் பணிக்கு ஆண்டுக்கு ஒரு டாலரே ஊதியமாகக் கொண்டார் என்பது அவரைப் பற்றிய சுவையான செய்தி. பட்டங்களை மட்டும் எண்ணுவோர் டீடோவின் பக்கமே நிற்பர்.

நம் கல்லூரிகளிலும் அவ்வாறே எண்ணுகிறார்கள். தேர்ச்சி விழுக்காடு எவ்வளவு, பல்கலைக்கழகத் தரவரிசையில் எத்தனை பேர் என்பனவே ஆண்டுதோறும் கேட்கப்படும் வினாக்கள். என்னிடம் பயின்றோருள் எவரும் தங்கப் பதக்கம் பெற்றதில்லை. ஆகவே, மார்ட்டினைப் பற்றி நான் நடுநிலையோடு எழுதுகிறேன் என்று எவரும் எண்ணிவிட வேண்டா!

கல்லூரிப் பயிற்றுநரின் இடர்ப்பாடு தனித்தன்மை உடையது. நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்த வீரரை, மூன்றாம் ஆண்டு முடியும் வரையிலோ 21 அகவை நிறையும் வரையிலோ தொழில்முறை அணிகள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. அதன்பின் கதவு திறந்துவிடும். கனிந்த கனியைப் பிறர் பறித்துச் செல்ல, அவர் மீண்டும் நாற்று நட வேண்டும். உதவித்தொகையிலும் தாராளம் கிடையாது. ஓர் அணிக்குரிய 11.7 முழு உதவித்தொகைகளைப் பல வீரருக்குப் பகிர்ந்தளிக்கும் முறை 2025 வரை நீடித்தது.

இந்நிலையில்தான் பஸ்டர் போசி 2006இல் மார்ட்டினின் அணியில் ஆடத் தொடங்கினார். முதலாண்டில் அவர் நின்றது இரண்டாம் தளத்திற்கும் மூன்றாம் தளத்திற்கும் இடைப்பட்ட இடம். மறு ஆண்டில் அவரை அடிப்பவருக்குப் பின்னே அமர்ந்து பந்து பிடிப்பவராக்கினார்கள். பழகிய இடத்திலிருந்து ஓர் இளைஞனைப் பெயர்த்து, அவனே அறியாத ஆற்றலின்மீது நிறுத்துதல் எளிய செயலன்று. 2008இல் ஓராட்டத்தில் ஒன்பது நிலைகளிலும் நின்று ஆடிய அவர், பின்னர் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணியோடு 2010, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்றார். ஆசிரியர் தொடாத உயரம் அது.

மார்ட்டின் பயிற்றுவித்த கடைசி ஆட்டமும் 2019இல் ஒமாஹாவிலேயே நிகழ்ந்தது, அதிலும் தோல்வியே. 2024 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அவ்வாண்டு ஜூன் திங்களில் ஃபுளோரிடா ஸ்டேட் அணி மீண்டும் ஒமாஹாவுக்குச் சென்றது. அழைத்துச் சென்ற பயிற்றுநர் லிங்க் ஜாரட், 1991 முதல் 1994 வரை மார்ட்டினிடம் பயின்றவர். அவர்களும் பட்டமின்றியே ஊர் திரும்பினர்.