இளைக்கவும் வேண்டும், பொங்கலும் வேண்டும்



இந்த மாதம் மட்டும் மூன்று பேர் போனில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "டீச்சர், பையன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து எடை ஏறிக்கொண்டே போகிறது. என்ன சாப்பிடச் சொல்லட்டும்?" கேட்டவர்களில் இருவர் என்னிடம் எட்டாம் வகுப்பில் செரிமான மண்டலம் படித்தவர்கள். படம் வரைந்து பாகம் குறித்ததோடு மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது! தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படித்துவிட்டு, கல்லூரியில் படிக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள்.

முதலில், உண்மையிலேயே இளைக்க வேண்டுமா என்று பாருங்கள்.

என் தம்பியின் பேத்தி இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். உயரம் 160 சென்டிமீட்டர், எடை 52 கிலோ. "குண்டாயிட்டேன் பாட்டி" என்று காலையில் ஒன்றுமில்லை, மதியம் வெள்ளரிக்காய், இரவு ஒரு ஆப்பிள் என்று மூன்று வாரம் ஓட்டியிருக்கிறாள். லேபில் நின்றுகொண்டிருந்தவள் மயங்கி விழுந்த பிறகுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. அவளை உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ. அவளுக்கு 20 சொச்சம் வந்தது. 18.5க்குக் கீழே போனால் எடை போதாது. இந்தியர்களுக்கு 23க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும், 25ஐத் தொட்டால் உடல் பருமன். அவள் உயரத்துக்கு 47 முதல் 59 கிலோ வரை சரியான எடைதான். இளைக்கத் தேவையே இல்லாத பெண் பட்டினி கிடந்திருக்கிறாள்!

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. ஏற்கெனவே ரத்தம் குறைந்த பிள்ளைகள் சாப்பாட்டையும் நிறுத்தினால் என்ன ஆகும்?

சரி, நிஜமாகவே எடை கூடியிருக்கிறது, குறைக்கத்தான் வேண்டும் என்றால்? அப்போதும் பட்டினி வேண்டாம். பிடித்த சாப்பாட்டை விடவும் வேண்டாம். ஹாஸ்டல் பிள்ளை பரீட்சைக்கு முந்தின ராத்திரி பரோட்டாவைத் தேடுகிறது என்றால், அது பசி மட்டும் இல்லை. வீட்டு நினைப்பு, பயம், தனிமை எல்லாம் சேர்ந்துதான் தேடுகிறது. அந்த நேரத்தில் ஓட்ஸ் கஞ்சியைக் கொடுத்தால் நாலு நாள் குடிக்கும். ஐந்தாம் நாள் இரண்டு பரோட்டாவுக்குப் பதில் ஐந்து பரோட்டா உள்ளே போகும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் 'ஸ்லிம்' பவுடர்களின் கதையும் இதுதான். டப்பா தீர்ந்ததும் எடை திரும்பி வந்துவிடும். பிடித்ததையே கொஞ்சம் மாற்றிச் சமைத்தால் காலம் முழுக்கச் சாப்பிடலாம், செலவும் குறைவு.

மாற்ற வேண்டியது எதை? பெரும்பாலும் எண்ணெயையும் அளவையும்தான். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி. ஒரு கிராம் புரதமும் 4. ஒரு கிராம் கொழுப்பு 9! ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் அதைக் கரைக்க அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். வாணலியில் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றும் அந்த ஒரு சுற்றுக்கு எத்தனை கரண்டி என்று ஒரு நாள் அளந்து பாருங்கள். அதனால் முதல் செலவு ஒரு டீஸ்பூன். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் ஸ்பூனால் ஊற்றுங்கள். இனி சமையலுக்கு வருவோம். ரூமில் ஒரு இண்டக்ஷன் அடுப்போ ரைஸ் குக்கரோ இருந்தால் போதும். (ஹாஸ்டலில் அனுமதி இல்லையென்றால் திருட்டுத்தனமாகச் செருகக் கூடாது, சொல்லிவிட்டேன்.)

1. வெண்பொங்கல். ஹோட்டல் பொங்கலில் அரிசி அதிகம், பருப்பு குறைவு, நெய் மிதக்கும். நீங்கள் சரிபாதி போடுங்கள். ஒருவருக்குக் கால் டம்ளர் அரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, இரண்டரை டம்ளர் தண்ணீர், உப்பு. குழைய வேகட்டும். மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலையை ஒரே ஒரு டீஸ்பூன் நெய்யில் தாளித்து, இறக்கிய பிறகு கடைசியில் கொட்டிக் கிளறுங்கள். மிளகு சீரக வாசனை நெய்யில் கரையும். அதைக் கடைசியில் சேர்த்தால் கொஞ்ச நெய்யே ஊரைக் கூட்டும். முந்திரி இரண்டு போதும். பருப்பு கூடியதால் புரதமும் கூடும், மதியம் வரை பசிக்காது. தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னியைவிட சாம்பார் நல்லது.

2. கொத்து பரோட்டா. பரோட்டாவுக்குப் பதில் இரண்டு சப்பாத்தி. முந்தின நாள் மீந்தது இன்னும் நல்லது, உதிர் உதிராக வரும். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் சோம்பு, நிறைய வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி, ஒரு பிடி கோஸ் வதக்கி, ஒரு முட்டை உடைத்து ஊற்றி, பிய்த்த சப்பாத்தியைப் போட்டுக் கரண்டியால் கொத்துங்கள். சால்னாவுக்குத் தேங்காயும் முந்திரியும் அரைக்க வேண்டாம். ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலைப் பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அதே கெட்டி வரும். முட்டைக்குக் காசு பார்க்காதீர்கள். ஒரு முட்டையின் விலை கடையில் குடிக்கும் ஒரு டீயைவிடக் குறைவுதான். அதில் 6 கிராம் புரதம் இருக்கிறது.

3. பிரியாணி. சீரக சம்பா அரை டம்ளர், இரண்டு பேருக்கு. மீல் மேக்கர் ஒரு பெரிய கை அள்ளி வெந்நீரில் போட்டு, ஊறியதும் நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். பிழியாவிட்டால் வாடை அடிக்கும். கேரட், பீன்ஸ் அரிசி அளவுக்கு இருக்கட்டும். பட்டை, கிராம்பு, இஞ்சி பூண்டு விழுது, வெங்காயம், தக்காளி, புதினா, மல்லி எல்லாவற்றையும் இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் வதக்கி, இரண்டு ஸ்பூன் தயிர் விட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வேகவிடுங்கள். உலர்ந்த மீல் மேக்கரில் பாதி எடை புரதம். கோழி வாங்கக் காசில்லாத மாதக் கடைசிக்கு இதுதான் துணை.

4. நூடுல்ஸ். உடனடி நூடுல்ஸ் கட்டிகளில் பெரும்பாலானவை எண்ணெயில் பொரித்துக் காயவைத்தவை. பாக்கெட்டின் பின்பக்கம் கொழுப்பு எவ்வளவு என்று போட்டிருக்கும், படித்துப் பாருங்கள். பாதிக் கட்டி, பாதி மசாலா, மீதி இடத்துக்குக் கோஸ், கேரட், பட்டாணி, ஒரு முட்டை. கிண்ணம் அதே அளவு நிறையும். மசாலா பாதியானால் உப்பும் பாதியாகும்.

5. உருளைக்கிழங்கு வறுவல். பச்சைக் கிழங்கை எண்ணெயில் வதக்கினால் வேகும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் முக்கால் பதம் வேகவைத்து, ஆறவிட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு பிசறி, தோசைக் கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் பரப்பி, கிளறாமல் விட்டுவிடுங்கள். அடிப்பக்கம் மொறுமொறுப்பானதும் திருப்பினால் போதும். கிழங்கு குற்றவாளி இல்லை, அது குடிக்கும் எண்ணெய்தான்.

6. மசால் வடை. அதே கடலைப்பருப்பு மாவைப் பணியாரக் கல்லில் குழிக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டுச் சுட்டெடுங்கள். டீக்கடை வடையின் சத்தம் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோம்பு வாசனையும் பருப்பு கடிபடுவதும் அப்படியே இருக்கும். அதற்கும் சோம்பலாக இருந்தால் சுண்டல்.

7. தயிர் சாதம். சாதத்தைப் பாதியாக்கி, துருவிய வெள்ளரிக்காயும் கேரட்டும் சேர்த்துப் பிசையுங்கள். பாலை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு, நீலத்தில் 3 சதவீதம். அரை லிட்டருக்கு 15 கிராம் கொழுப்பு வித்தியாசம், அதாவது 135 கலோரி. நீலம் விலையும் குறைவு.

டீயை மறந்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு மூன்று டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 30 கிராம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். இரண்டு ஸ்பூனை ஒன்றரையாக்குங்கள், பத்து நாள் கழித்து ஒன்று, அப்புறம் அரை. நாக்கு தானாகப் பழகிவிடும்.

சமைக்கவே வசதி இல்லாத மெஸ் பிள்ளைகளுக்கு: தட்டில் முதலில் பொரியலையும் கூட்டையும் வாங்கி, அதைப் பாதி சாப்பிட்ட பிறகு சாதம் வாங்குங்கள். சாம்பாரை அடியில் கலக்கி, பருப்போடு கேளுங்கள். பூரி நாளில் இரண்டோடு நிறுத்துங்கள். இட்லி நாள் உங்கள் நாள். ஆவியில் வெந்தது, எண்ணெயே இல்லை. மிளகாய்ப் பொடியில் குளம் கட்டினால் அந்தப் புண்ணியம் போய்விடும்!

சிறுதானியம் பற்றியும் கேட்கிறீர்கள். கேழ்வரகில் கால்சியமும் நார்ச்சத்தும் அதிகம், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் கலோரியில் அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கேழ்வரகுதானே என்று ஆறு தோசை சாப்பிட்டால் இளைக்க முடியாது.

எவ்வளவு நாளில் குறையும்? ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். தினம் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ. இது கணக்கு. உடம்பு சில வாரம் அடம் பிடிக்கும், விட்டுவிடாதீர்கள். தினமும் எடை மெஷினில் ஏற வேண்டாம், வாரம் ஒரு முறை போதும். தைராய்டு, பிசிஓடி, சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டே எதையும் மாற்றுங்கள். பிள்ளை சாப்பிட்டுவிட்டு ரகசியமாக வாந்தி எடுக்கிறது, சாப்பாட்டைக் கண்டாலே பயப்படுகிறது என்றால், அது சமையல் குறிப்பால் தீராது. திட்டாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கும், அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா எல்லோருக்கும் ஒரு வார்த்தை. லீவுக்கு வரும் பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி "என்னடா இப்படி ஊதிட்டே?" என்று கேட்காதீர்கள். அப்புறம் நீங்களே இலையில் நாலு பூரியை வைத்து "சாப்பிடுடா, இளைச்சுப் போயிட்டே" என்றும் சொல்லாதீர்கள். 32 வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். 'குண்டு' என்று பட்டப்பெயர் வாங்கிய பிள்ளைகள் விளையாட்டுப் பீரியடில் மைதானத்துக்கே வராமல் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். கேலியால் ஒருவரும் இளைத்ததில்லை. பிள்ளை வந்தால் அடுக்களைக்குக் கூப்பிடுங்கள், பொங்கல் தாளிக்கக் கற்றுக்கொடுங்கள். நெய்யை அவர்கள் கையாலேயே ஒரு ஸ்பூன் அளக்கட்டும்.

தம்பி பேத்தி இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவள் ரூமில் செய்த கொத்து சப்பாத்தியை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். உப்பு கொஞ்சம் தூக்கலாம், பரவாயில்லை.

நீங்களும் செய்து பார்த்துச் சொல்லுங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள், நன்றாகப் படியுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்