பாசிக்கும் பசி உண்டு!

வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கும் சகோதரிகளே, உங்களை ஒன்று கேட்கிறேன். தொட்டி வாங்கி ஒரு மாதம் ஆன பிறகும் மீன்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிகின்றனவா? "தெரிகின்றன" என்பவர்கள் பாக்கியசாலிகள். அவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போகலாம். மற்றவர்கள் சற்று உட்காருங்கள்.

சென்னைக் கொளத்தூரிலிருந்து ஆசையாக வாங்கி வந்த எங்கள் மோலி மீன்கள் எட்டும், பசலைக்கீரைச் சாற்றில் விட்டாற்போல் மறைந்து போயின. "உள்ளே மீன் இருக்கிறதா, வெறும் நம்பிக்கைதானா?" என்று என் கணவர் தினமும் கேலி செய்தார்.

பக்கத்து வீட்டு அம்மாளின் தொட்டியிலும் இதே கதைதான். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கவிழ்த்து, கூழாங்கற்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரை அப்படியே நிரப்பினார். கண்ணாடி பளபளத்தது, மறுநாள் மீன்கள் மிதந்தன. அவருடைய குழந்தை அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

ஏன் அப்படி ஆயிற்று? மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அதற்கே விஷம். அதை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாக்கள் கற்களிலும் வடிகட்டியின் பஞ்சிலும்தான் குடியிருக்கின்றன. சோப்பும் குளோரினும் அவற்றை அழித்துவிடும். மீனின் செவுளையும் விடாது.

பாசி மீனுக்குச் சத்துரு அல்ல. வெளிச்சமும் உணவும் மிஞ்சிப் போனால் தானாக வரும் விருந்தாளி அது. விருந்தாளியை விரட்டுவானேன்? சமையலைக் குறைத்தால் போதாதா?

முதலில் வெளிச்சம். ஜன்னலோரத்தில் இருந்த தொட்டியை வெயில் படாத மூலைக்கு மாற்றினோம். விளக்கு, நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் மட்டும். தண்ணீரே பச்சையாக இருந்ததால், 3 நாள் விளக்கை அணைத்துக் கனத்த போர்வையால் மூடினோம். காற்றுக் குழாயை மட்டும் நிறுத்தவில்லை. மடியும் பாசி பிராணவாயுவைக் குடித்துவிடுமே! பிறகு வாரந்தோறும் கால் பங்கு தண்ணீர் மாற்றினோம், ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து, குளோரின் போன தண்ணீராக. வடிகட்டிப் பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினோம்.

அடுத்தது உணவு. இங்கேதான் சங்கடம். என் மாமியார் காலையில் ஒரு சிட்டிகை, பூஜை முடிந்து ஒரு சிட்டிகை, "பாவம், வாயில்லா ஜீவன்" என்று இரவில் இன்னொரு சிட்டிகை போடுவார். மீன் தின்னாதது அழுகி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டுமாகிப் பாசிக்கு எருவாகிறது. ஆனால் ஊருக்கெல்லாம் சோறு போட்ட கையைப் பிடித்து, "போடாதீர்கள்" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

டப்பாவை அவரிடமே கொடுத்தேன். "அத்தை, பிள்ளைகள் கண்டபடி இறைக்கிறார்கள். இனி மீன்களுக்கு உங்கள் கைதான். நாளைக்கு ஒரே தடவை, 2 நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு" என்றேன். அவ்வளவுதான்! டப்பா அவருடைய பீரோவுக்குள் போயிற்று. இப்போது அவர் மகன் கேட்டால்கூட ஒரு துணுக்குக் கிடைக்காது.

இன்னும் சில வார்த்தைகள். புதுத் தொட்டியில் பழுப்பாகப் படிவது டயாட்டம். பெரும்பாலும் சில வாரங்களில் தானே போய்விடும். கண்ணாடியில் ஒட்டும் பச்சைப் புள்ளிகளைச் சுரண்டி எடுக்கலாம். நீலப்பச்சையாய் வழவழவென்று படர்ந்து நாறுவது உண்மையில் பாசியே அல்ல, ஒருவகை பாக்டீரியா. குழாயால் உறிஞ்சி வெளியேற்றுங்கள். தாமிரம் கலந்த பாசி மருந்து நத்தைகளையும் இறால்களையும் கொன்றுவிடும். பாசி தின்னும் என்று கடையில் தரும் சக்கர் மீனோ ஓர் அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் ஏரியில் விட்டால் அங்குள்ள மீன்களுக்கு ஆபத்து. ஹைட்ரில்லா போன்ற நீர்ச்செடிகளை நடுங்கள். பாசிக்குப் போகும் சத்தை அவை பங்கு போட்டுக்கொள்ளும்.

எங்கள் தொட்டி தெளிய மூன்று வாரம் ஆயிற்று. எட்டு மீனும் சுகம். கற்களின்மேல் கொஞ்சம் பச்சை இன்னும் இருக்கிறது. மோலிகள் அதைக் கொறிக்கின்றன என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. நீங்களும் அவசரப்பட்டுத் தொட்டியைக் கவிழ்க்காமல், முதலில் உணவு டப்பா யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.