கறள் பிடித்த காது

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்காபரோவில் அந்த வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ட்ரக்கின் பொனற் ஏற்கெனவே திறந்து கிடந்தது. 2004 ஆம் ஆண்டு ஷெவர்லே சில்வராடோ. 5.3 லீற்றர், எட்டு சிலிண்டர் எஞ்சின். வண்டிக்காரத் தம்பிக்கு முப்பது வயதிருக்கும். கோடையில் புல் வெட்டுவார், பனிக்காலத்தில் இதே வண்டியின் முன்னால் தகடு பூட்டி வாசல்களில் பனி தள்ளுவார். வண்டி நின்றால் அவருடைய வருமானமும் நிற்கும்.

நான் பார்க்கப் போனது பக்கத்தில் மடக்குக் கதிரையில் இருந்தவரை. கம்பளித் தொப்பி, கையில் தேத்தண்ணிக் கோப்பை. எழுபதைத் தாண்டியவர். அந்தத் தெருவில் என் வயதுக்காரருக்கு அவர் அண்ணை, இளையவர்களுக்கு அங்கிள். யாழ்ப்பாணத்தில் இருபது வருடத்துக்கு மேல், ரொறன்ரோவில் இன்னொரு இருபது வருடம் எஞ்சின் திருத்தியவர். ஒன்ராறியோவில் கூலிக்கு வாகனம் திருத்த 310எஸ் என்ற உரிமம் வேண்டும். அதற்கான பயிற்சிக் காலம் 7,220 மணி நேரம். ஊரில் பட்டறை வைத்திருந்த மனிதர் இங்கே வந்து மறுபடி பரீட்சை எழுதித்தான் அதை எடுத்தார். இப்போது ஓய்வு. விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன, ஸ்பானரை இறுக்கிப் பிடிக்க ஏலாது. ஆனால் வண்டியைத் தானே திருத்தப் போகிறேன் என்று யார் சொன்னாலும் பக்கத்தில் வந்து இருந்து சொல்லிக் கொடுப்பார். காசு வாங்குவதில்லை.

"கழட்டுறதும் பூட்டுறதும் தம்பி. நான் பாத்துக்கொண்டு இருப்பன், அவ்வளவுதான்" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருப்பதில் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பது மாலைக்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

பழுது இதுதான். இரண்டு வாரமாக எஞ்சின் லைற் எரிகிறது. புல்வெட்டி மெஷின்களை ஏற்றிய இழுவைப் பெட்டியோடு மேடு ஏறினால் வண்டி மூச்சு வாங்குகிறது. பெற்றோலும் கூடக் குடிக்கிறது. கோட் வாசிக்கும் கருவியைச் செருகினால் பி0332 என்று வருகிறது: பின்பக்க நொக் சென்சரின் இணைப்பில் சிக்னல் மிகக் குறைவு என்று பொருள். அமெரிக்கச் சந்தையில் 1996 முதல் வந்த கார்கள் எல்லாவற்றிலும் இப்படிக் கோட் வாசிக்கும் துளை ஒன்று கட்டாயம் இருக்கிறது. அதனால் பழுதின் பெயரை அறிய இன்று மெக்கானிக் தேவையில்லை. பெயரை அறிந்த பிறகுதான் தேவை.

நொக்கிங் என்பதை அண்ணை எனக்கு விளக்கிய விதத்தை அப்படியே எழுதிவிடுகிறேன். சிலிண்டருக்குள் பெற்றோலும் காற்றும் கலந்து நெருக்கப்படுகின்றன. ஸ்பார்க் பிளக் பொறி தட்டுகிறது. நெருப்பு அங்கிருந்து ஒழுங்காகப் பரவ வேண்டும். ஆனால் சில வேளை, நெருப்பு போய்ச் சேருமுன்பே மூலையில் மிஞ்சி நிற்கும் கலவை, வெப்பமும் அமுக்கமும் தாங்காமல் தானாகவே வெடித்துவிடும். அந்த அதிர்ச்சி சிலிண்டர் சுவரில் மோதி அலையாக ஓடும். வெளியே நிற்பவருக்கு டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குவது போலக் கேட்கும். விடாமல் அடித்தால் பிஸ்டன் ஓட்டையாகும்.

அதைக் கேட்பதற்கு வைத்த காதுதான் நொக் சென்சர். உள்ளே அழுத்தினால் மின்சாரம் தரும் ஒரு வில்லை. அழுத்தம் மின்சாரமாகும் இந்தக் குணத்தை 1880 இல் ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள் படிகங்களில் கண்டுபிடித்தார்கள். நொக்கிங் அதிர்வு வினாடிக்கு ஏறத்தாழ ஆறாயிரம் தடவை நடுங்குவது. எஞ்சினின் மற்ற இரைச்சலெல்லாம் இருக்க, அந்த நடுக்கத்தைப் பிடித்துச் சொல்வதே சென்சரின் வேலை. சேதி கிடைத்ததும் கம்பியூட்டர் பொறியைக் கொஞ்சம் பிந்திப் போடும், அடி நிற்கும். சென்சர் செவிடாகிவிட்டால், கம்பியூட்டர் ஆபத்து வேண்டாம் என்று எப்போதுமே பொறியைப் பிந்திப் போட்டுக்கொண்டிருக்கும். எஞ்சின் தப்பும், இழுவை போய்விடும். தம்பியின் வண்டி மேட்டில் மூச்சு வாங்கியது அதனால்தான்.

"உங்களுக்கு இந்தச் சத்தம் எப்ப பழகினது அண்ணை?" என்று கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

"மண்ணெண்ணெய்க் காலத்தில."

1990 இல் போர் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் துளித் துளியாகத்தான் கிடைத்தது, அதுவும் யானை விலையில். மோட்டார் சைக்கிள்களும் ஏ40, மொறிஸ் மைனர் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் ஒரு சின்னப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விடுவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகையின் மணம் இந்தத் தலைமுறைக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. ஆனால் மண்ணெண்ணெய் லேசில் தானாக வெடிக்கும் எண்ணெய். நொக்கிங்கைத் தாங்கும் வலு, அதாவது ஒக்ரேன், அதற்கு மிகக் குறைவு. பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினில் அதை ஊற்றினால் சுமை ஏறும்போதெல்லாம் அடிக்கத்தான் செய்யும்.

அப்போது அண்ணையின் பட்டறையில் சென்சரும் இல்லை, கம்பியூட்டரும் இல்லை. நீளமான ஒரு ஸ்குரூ டிறைவர் இருந்தது. அதன் நுனியை எஞ்சின் தலையில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார். மறு கையால் டிஸ்ரிபியூற்றரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப் பொறியைப் பிந்த வைப்பார். அடிக்கும் சத்தம் மறையும் இடத்தில் நிறுத்தி இறுக்குவார். ஹெட்டுக்குக் கீழே இரண்டு காஸ்கெட் வைத்து அமுக்கத்தைக் குறைத்த வண்டிகளும் உண்டாம். இந்த சில்வராடோவின் கம்பியூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்வதை அவர் காதாலும் மணிக்கட்டாலும் செய்திருக்கிறார், தடைக்குள் இருந்த ஒரு ஊரின் வண்டிகளுக்கு. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவையும் அந்த வண்டிகள்தான். அண்ணை இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வேலை என்று மட்டுமே சொன்னார். எனக்கு அது பெரும் வித்தையாகவே படுகிறது.

உலகம் நொக்கிங்கை அடக்கிய முதல் வழி வேறு. 1921 இல் ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்தில் தோமஸ் மிட்ஜ்லி, பெற்றோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் அடி நிற்பதைக் கண்டார். அந்த ஈயம் மனிதர்களின் இரத்தத்தில் சேர்ந்தது. சாலை வாகனங்களுக்கு அந்தப் பெற்றோலை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021 இல், சரியாக நூறு வருடம் கழித்து. ஈயத்தைக் கைவிடத் தொடங்கிய காலத்தில்தான் கேட்டுத் திருத்தும் காது எஞ்சினுக்குள் வந்து உட்கார்ந்தது.

ஆனால் இந்த எஞ்சினில் அந்தக் காது இருக்கும் இடம் லேசில் எட்டாது. இருபக்கமும் நந்நான்கு சிலிண்டராகப் பிரிந்து நிற்கும் வீ வடிவத்தின் நடுப் பள்ளத்தில், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்ரேக் மனிபோல்டுக்குக் கீழே, முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு குழிகளுக்குள் சென்சர்கள் இருக்கின்றன. இரண்டு வரிசைக்கும் நடுவில் இருப்பதால் நன்றாகக் கேட்கும். மாற்றப் போனால் மேலே உள்ள எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். சில்வராடோவில் 2007 இலிருந்து வந்த அடுத்த தலைமுறை எஞ்சினில் சென்சர்களை வெளிப்பக்கம் மாற்றிவிட்டார்கள். தம்பியிடம் இருப்பது அதற்கு முந்தியது.

பற்றறியின் நெகற்றிவ் முனையைக் கழற்றித்தான் தொடங்கினார்கள். அடுத்தது எரிபொருள் குழாய். அதற்குள் அமுக்கம் நிற்கும், வால்வைத் துணியால் மூடி மெதுவாக வெளியே விட்ட பிறகே குழாயைப் பிரிக்கலாம். சூடான எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது என்று அண்ணை இரண்டு தரம் சொன்னார். தம்பி முந்திய இரவிலிருந்து வண்டியைக் கிளப்பவில்லை.

பிறகு எட்டு இன்ஜெக்டர்களின் வயர்கள், வெற்றிடக் குழாய்கள், திறொட்டில் இணைப்பு. ஒவ்வொன்றையும் கழற்றுமுன் தம்பி போனில் படம் எடுத்தார். அண்ணை அதைத் தடுக்கவில்லை, ஆனால் வெள்ளை நாடாவில் இலக்கம் எழுதி ஒட்டவும் சொன்னார். கழற்றிய போல்ற்றுகளை முட்டைப் பெட்டியில் வரிசைக் குழிகளில் போடச் சொன்னார். இது பழைய பட்டறைப் பழக்கம். எந்தக் குழி காலியாக இருக்கிறதோ அந்த வேலை இன்னும் முடியவில்லை என்று கண்ணுக்குத் தெரியும்.

மனிபோல்டைப் பிடித்திருப்பவை பத்து போல்ற்றுகள். பத்தாவதைக் கழற்றியதும் தம்பி அதைத் தூக்கப் போனார். "நில்லும், நில்லும்" என்றார் அண்ணை. "முதல் ஊத்தையை எடும்." இருபது வருடத்து மண்ணும் மேப்பிள் விதைகளும் ஓரங்களில் அடைந்து கிடந்தன. மனிபோல்டைத் தூக்கிய கணத்தில் அவை சிலிண்டருக்குப் போகும் வாய்களுக்குள் விழும். ஒரு சின்னக் கல் போதும் வால்வைக் கெடுக்க. உறிஞ்சியாலும் தூரிகையாலும் துப்பரவாக்க அரை மணி நேரம் போனது. தூக்கிய பிறகு எட்டு வாய்களிலும் சுத்தமான சீலைத்துண்டுகளைச் செருகினார்கள். எட்டுத் துண்டும் ஒரே நிறம், சிவப்பு. பூட்டும்போது ஒன்றை உள்ளே மறந்துவிடாமலிருக்க.

பள்ளத்தில் இரண்டு றப்பர் மூடிகள். முன்மூடியை இழுத்தால் கீழே சென்சர் புதிது போல மஞ்சளாக மின்னியது. மீற்றரை வைத்தபோது ஒரு லட்சம் ஓம் வரை காட்டியது. இந்த வகைச் சென்சருக்கு அதுதான் சரியான அளவு. பின்மூடியை இழுத்ததும் எல்லோரும் குனிந்தோம். குழிக்குள் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் நின்றது. அதை உறிஞ்சி எடுத்தபோது அடியில் சென்சரின் அறுகோணத் தலை கறள் ஏறிப் பருத்து, மூலைகள் மழுங்கி, ஒரு செங்கல் துண்டு மாதிரி இருந்தது. வயர் முனையைத் தொட்டதும் அது கையோடு வந்துவிட்டது.

தம்பி 22 மில்லிமீற்றர் சொக்கெற்றை எடுத்தார். அண்ணை கையை உயர்த்தினார். கறள் நெகிழ்த்தும் எண்ணெயை விட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டுத் திருகினால் தலை முறிந்து அடிப்பகுதி எஞ்சினுக்குள் தங்கிவிடும் என்றார். அந்த ஒரு மணி நேரம் இடியப்பமும் சொதியும் வந்தன. பிறகு தம்பி திருகியபோது முதலில் ஒரு நூலளவு இறுக்கி, அப்புறம் கழற்றி, மறுபடி இறுக்கி, இப்படியே ஆட்டி ஆட்டி எடுக்கச் சொன்னார். கிறீச்சென்று ஒரு சத்தம். அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். "வந்திட்டுது" என்றார், நாங்கள் பார்க்கும் முன்னமே.

புதியதைப் பூட்டும்போது புரியில் நாடா சுற்றக்கூடாது. இந்தச் சென்சருக்கு ஒரே வயர்தான், மற்ற முனை எஞ்சின் உடம்பே. நாடா சுற்றினால் அந்த இணைப்புக் கெடும். இறுக்கம் 20 நியூற்றன் மீற்றர். அதற்கு மேல் இறுக்கினால் கேட்கும் திறன் மாறும். பழுதில்லாத முன் சென்சரையும், இரண்டையும் இணைக்கும் வயரையும் சேர்த்தே மாற்றினார்கள். சாமானைவிட அதை எட்டும் வேலைதான் பெரிது, அதனால் அது நியாயமான செலவு.

சென்சர் வந்தாயிற்று, பூட்டிவிடலாம் என்று தம்பி எழுந்தபோது அண்ணை கேட்டார்: "இந்தத் தண்ணி எங்கால வந்தது?"

தம்பி யோசித்தார். பிறகு, ஒவ்வொரு சீசன் முடிவிலும் புல்லும் சேறும் போக எஞ்சின் மேலேயே அமுக்கத் தண்ணீர் அடித்துக் கழுவுவதாகச் சொன்னார். எஞ்சின் பின்பக்கம் கொஞ்சம் சரிந்திருப்பதால் தண்ணீர் ஓடி அந்தக் குழிக்குத்தான் போகும். இதற்கு மெக்கானிக்குகளிடையே தெரிந்த மருந்து ஒன்று உண்டு. பின்குழியைச் சுற்றி எஞ்சின் சிலிக்கோன் பசையால் விரலளவு உயரத்தில் ஒரு வரம்பு. முன்னும் இருபக்கமும் கட்டி, பின்பக்கத்தைத் திறந்து விட வேண்டும், தப்பி வரும் ஈரம் வெளியேற. தம்பி பசையைப் பிதுக்க, அண்ணை முதல் முறையாகக் கதிரையை விட்டு எழுந்து வந்து வீங்கிய சுட்டு விரலால் அந்த வரம்பைத் தடவிச் சீர்செய்தார். வயலில் வரம்பு கட்டிய வீட்டுப் பிள்ளை அவர்.

மீதி வேலை விரைவாகவே நடந்தது. புது காஸ்கெட்டுகள், எட்டுச் சிவப்புத் துணிகளும் எண்ணி வெளியே, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பத்து போல்ற்றுகள், முதல் சுற்று 5, அடுத்த சுற்று 10 நியூற்றன் மீற்றர். சாவியை இரண்டு தரம் பாதி திருப்பி, குழாயில் கசிவில்லை என்று பார்த்துவிட்டுக் கிளப்பினார் தம்பி. கோட்டை அழித்தார்கள். இழுவைப் பெட்டியைக் கொழுவி ஒரு சுற்றுப் போய் வந்தார், முகத்திலேயே பதில் இருந்தது.

கதவுச் சட்டத்தில் வண்டியின் அடையாள இலக்கத்தை அண்ணை எனக்குக் காட்டினார். முதல் எழுத்து 2, கனடாவில் செய்தது. 11 ஆவது இடத்தில் 1, ஒசாவா தொழிற்சாலை. 401 நெடுஞ்சாலையில் கிழக்கே அரை மணி நேரம். அந்த ட்ரக் தொழிற்சாலையை 2009 இல் மூடிவிட்டார்கள். அங்கே பிறந்த வண்டியை, தொழிற்சாலை போன பிறகும் இந்த வாசலில் இரண்டு பேர் ஓட வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதன் பிறகு இரண்டு பெரிய மழை பெய்துவிட்டது, லைற் எரியவில்லை. 1999 முதல் 2006 வரையான இந்த வகை எஞ்சின் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அண்ணை சொல்லச் சொன்னது ஒன்றுதான்: எஞ்சினின் மேல் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.