டேலி ஆகாத கழுத்து

எனக்கு வயது 36. படிப்பு பி.காம். நான் சோபாவில் சாய்ந்து பேப்பர் படித்துக் கொண்டிருந்தாலும், என் இதயம் மட்டும் பஸ் பிடிக்க ஓடிக்கொண்டே இருக்கும். நாடி நிமிஷத்துக்கு 104! பெண் பார்க்கப் போன அன்று காபி டம்ளர் கையில் கிடுகிடுவென்று ஆடியதைப் பார்த்து, ‘பையன் ரொம்பக் கூச்ச சுபாவம்’ என்று பெண் வீட்டார் மயங்கிவிட்டார்கள். கல்யாணமே அப்படித்தான் நடந்தது.

இரண்டு வருஷம் முன்னால், சட்டையின் மேல் பட்டனைப் போட முடியவில்லை. “தொப்பை கழுத்து வரைக்கும் வந்துடுச்சுங்க” என்றாள் மனைவி. ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் டி-3, டி-4 இரண்டும் எக்கச்சக்கம். “தைராய்டு ஓவரா வேலை செய்யுது” என்று ஒரு டாக்டர் அதை அடக்க மாத்திரை எழுதினார். மூன்று மாதத்தில் கழுத்து இன்னும் கொஞ்சம் பருத்தது. “மருந்துக்கு மசியலை. அயோடின் குடுத்துப் பொசுக்கிடலாம், இல்லாட்டி ஆபரேஷன். எது வேணும்?” சாம்பாரா, வத்தக்குழம்பா என்று கேட்கிற அதே குரல்!

பயந்தாங்கொள்ளியாக இருப்பதிலும் லாபம் உண்டு. வேறொரு டாக்டரிடம் ஓடினேன். இவர் ஹார்மோன் ஸ்பெஷலிஸ்ட். மாத்திரை ஆரம்பிப்பதற்கு முந்தைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

“டி.எஸ்.ஹெச். ஏன் சார் நார்மலா இருக்கு?”

“நார்மல்னா நல்லதுதானே டாக்டர்?”

“உங்களுக்கு அது நார்மலா இருக்கவே கூடாது!”

அவர் விளக்கியதை காமர்ஸ் ஆசாமியான நான் புரிந்துகொண்டது இப்படி. மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு ஹெட் ஆபீஸ். அது தைராய்டு ஃபாக்டரிக்கு அனுப்புகிற ஆர்டர்தான் டி.எஸ்.ஹெச். சரக்கு குவிந்துவிட்டால் ஹெட் ஆபீஸ் ஆர்டரை நிறுத்திவிடும், டி.எஸ்.ஹெச். அடி மட்டத்துக்குப் போய்விடும். எனக்கோ குடோன் நிரம்பி வழிகிறது, ஆர்டரும் போய்க்கொண்டே இருக்கிறது. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

லேப் தப்பு பண்ணியிருக்கலாம். பிட்யூட்டரியில் கட்டி இருக்கலாம். இரண்டுமே இல்லை என்று டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் எடுத்து உறுதி செய்த பிறகு, மரபணு சோதனைக்கு அனுப்பினார். மூன்றாவது குரோமோசோமில் டி.ஹெச்.ஆர்.பி. என்று ஒரு மரபணு. அதில் ஒரு எழுத்துப் பிழை. ஹார்மோனை வாங்கி வைக்கிற ‘பீட்டா ரிசெப்டர்’ என்ற குமாஸ்தாவுக்கு அதனால் பார்வை மந்தம். வந்த சரக்கை வரவு வைக்க மாட்டேன் என்கிறார். பிட்யூட்டரியும் கல்லீரலும் இவரைத்தான் நம்பியிருக்கின்றன. ஆனால் இதயத்தில் முக்கியமாக உட்கார்ந்திருப்பவர் ஆல்ஃபா. இவர் படு சுறுசுறுப்பு. ஆகவே, ஹெட் ஆபீஸுக்கு ‘போதாது’, இதயத்துக்கு ‘போதும் போதும், நிறுத்துப்பா’!

சாமுவேல் ரெஃபெட்டாஃப் என்ற டாக்டரும் சகாக்களும் 1967-ல் ஒரு குடும்பத்தில் இதை முதன்முதலாகக் கண்டு எழுதினார்கள். மரபணுவில்தான் கோளாறு என்று பிடிபட்டது 1989-ல். சுமார் 40,000 பேரில் ஒருவருக்கு வருமாம். எனக்கு லாட்டரி இப்படித்தான் விழும்.

“அதிகமா சுரக்குறது உங்க உடம்பு தானே பண்ணிக்கிட்ட ஏற்பாடு சார். அந்தச் சுரப்பியை எடுத்தா வம்பு. படபடப்புக்கு மட்டும் சின்ன மாத்திரை போதும்” என்றவர், “வீட்டுல யாருக்காவது கழுத்துல ஆபரேஷன் ஆகியிருக்கா?” என்று கேட்டார்.

எனக்கு அடிவயிற்றில் சிலீரென்றது.

1996. எனக்கு ஏழு வயசு. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து கழுத்தில் வெள்ளைத் துணியோடு வந்து இறங்கினாள். இதே படபடப்பு, இதே வீக்கம். சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. ஆனாலும் ஒவ்வொரு தடவை டெஸ்ட் எடுக்கும்போதும் டி.எஸ்.ஹெச். எகிறியிருக்கும். “ஒழுங்கா மாத்திரை சாப்பிடறதில்லையாம்மா?” என்று ஒவ்வொரு டாக்டரும் திட்டுவார். “தெனம் போடறேன் சார்” என்பாள். யாரும் நம்பவில்லை.

நானும்தான். நான் வேறு கணக்குப் பிள்ளையாச்சே! மாசக் கடைசியில் அட்டையை வாங்கி மாத்திரைகளை எண்ணுவேன். கணக்கு மிகச் சரியாக இருக்கும். ஒரு தடவை, “பிச்சு வாஷ்பேசின்ல போட்டிருப்பே” என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

அம்மாவுக்கும் சோதனை செய்தோம். அதே மரபணு, அதே எழுத்து, அதே பிழை. சுரப்பி போய்விட்ட இந்த மாதிரி ஆட்களுக்கு, ஊருக்கெல்லாம் எழுதுகிற டோஸ் பத்தாது; ரொம்ப அதிகம் வேண்டியிருக்கும். இப்போது இதயத்தைக் கவனித்துக்கொண்டே, டோஸைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொண்டிருக்கிறார்கள்.

அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. காசு சுண்டிப் போடுகிற கதைதான். என் மகளுக்கும் விழுந்துவிட்டது. ஐந்து வயசு. வைத்தியம் எதுவும் இப்போதைக்கு வேண்டாமாம், வளர்ச்சியைக் கவனித்தால் போதுமாம். நான் மட்டும் ஒரு அட்டையில் வியாதியின் பெயரை எழுதி, கீழே சிவப்பு மையில், ‘தைராய்டை எடுக்கக் கூடாது. மரபணு ரிப்போர்ட்டைப் பார்க்கவும்’ என்று எழுதி, அவள் ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டினேன்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்த அம்மா, “எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுடா” என்றாள்.

“உனக்கு எதுக்கும்மா? எடுக்கறதுக்குத்தான் ஒண்ணுமில்லையே...”

“அது வேணாம். தெனமும் மாத்திரை போட்டான்னு எழுது.”